ஏப்ரல் 1 என்று எழுதி, பஞ்சு உருவு என்று படிக்கும் குடும்பப் பெயர்

[திரையில்: வெள்ளைத் தாள். தூரிகை நுனியிலிருந்து நான்கு ஜப்பானிய எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுகின்றன.]

முதல் எழுத்துக்கு அர்த்தம் நான்கு. அடுத்தது மாதம். அதற்கடுத்தது ஒன்று. கடைசி எழுத்து, நாள். நான்காம் மாதம், ஒன்றாம் நாள். அதாவது ஏப்ரல் 1. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகூட இதைத் தடுமாறாமல் "ஷிகாத்சு சுயித்தாச்சி" என்று படித்துவிடும்.

இதே நான்கு எழுத்து ஒரு வீட்டு வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்கினால் கதை வேறு. அங்கே அது அந்தக் குடும்பத்தின் பெயர். அதை "வத்தனுகி" என்று படிக்க வேண்டும். நான்கு என்பதற்கான ஒலியோ, மாதம் என்பதற்கான ஒலியோ அதில் எங்கும் கிடையாது. எந்த எழுத்து எந்த ஒலியைத் தருகிறது என்று பிரிக்கப் பார்த்தால் தலைதான் வலிக்கும்.

இந்தப் பெயரை இப்படி எழுதும் குடும்பங்கள் ஜப்பானில் வெகு சில. தேதிக்கும் இந்த ஒலிக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஒரு பழைய கிமோனோவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

[திரையில்: மடியில் விரித்த தடித்த கிமோனோ. ஒரு கை தையலைப் பிரிக்கிறது.]

"வத்தா" என்றால் பஞ்சு. "நுகி" என்றால் உருவி எடுப்பது. வத்தனுகி என்றால் பஞ்சு உருவுதல்.

கிமோனோ என்பது வளைத்து வெட்டித் தைத்த உடுப்பு இல்லை. நீளநீளமான துணித் துண்டுகளை நேர்த்தையலில் சேர்த்ததுதான் அது. அதனால் தையலைப் பிரித்தால் திரும்பவும் துணித் துண்டுகளாகிவிடும். துவைக்கும்போதே பிரித்துத் துவைத்து, விறைப்பாகக் காயவைத்து, மறுபடி தைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. குளிர்காலம் வந்தால் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் மெத்தை போலப் பஞ்சைப் பரப்பித் தைப்பார்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது கண்முன்னே வரும். குளிர் விட்டதும் ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே கட்டிதட்டிக் கிடக்கும் பஞ்சைக் கையால் உருவி எடுத்துவிட்டு மறுபடி தைத்தால், அதே உடுப்பு இரண்டு மடிப்புத் துணி மட்டும் உள்ள வசந்தகால உடுப்பு. ஓர் உடுப்பு, இரண்டு பருவம்.

இதற்கு நாள் குறித்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். ஹெயான் காலத்து (சுமார் 8 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை) அரசவையிலேயே நான்காம் மாதம் முதல் நாளும் பத்தாம் மாதம் முதல் நாளும் உடை மாற்றும் நாட்கள். பிறகு எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி, போர்வீரர்களான சாமுராய்களுக்கு இதை இன்னும் கறாராக்கி, வருடத்துக்கு நான்கு முறை என்று வகுத்தது. அதில் பஞ்சு வைத்த உடுப்பைக் கழற்றும் நாள், நான்காம் மாதம் முதல் நாள். உடம்புக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை. தேதி வந்தால் பஞ்சு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, ஏப்ரல் 1 என்றாலே பஞ்சு உருவும் நாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில், யாரோ ஒருவர் "வத்தனுகி" என்ற ஒலிக்குத் தேதியையே எழுத்தாக வைத்துவிட்டார். படிப்பவர் தேதியைப் பார்க்க வேண்டும், அன்றைக்கு என்ன செய்வோம் என்று யோசிக்க வேண்டும், அந்தச் செயலின் பெயரைச் சொல்ல வேண்டும். விடுகதை மாதிரிதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். இங்கே சொல்லும் ஏப்ரல் 1, நம் காலண்டரில் இருக்கும் ஏப்ரல் 1 இல்லை. ஜப்பான் 1872 கடைசி வரை சந்திரனை ஒட்டிய பழைய நாட்காட்டியில் இருந்தது. பிறகு 1873 ஜனவரி 1 முதல் மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. பழைய கணக்கில் நான்காம் மாத முதல் நாள், இன்றைய ஏப்ரல் கடைசிக்கும் மே கடைசிக்கும் நடுவில் எங்காவது விழும். அப்போது பஞ்சை எடுப்பது நியாயம். இன்றைய ஏப்ரல் 1-இல் எடுத்தால், செர்ரிப் பூ பார்க்கப் போன இடத்தில் பல் கிட்டித்துக்கொள்ளும். தேதி நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

[திரையில்: குன்மா மாநில வரைபடம். தகாசாகி நகரத்தின் மேல் ஒரு புள்ளி.]

சரி, பெயர் முதலில் வந்ததா, விடுகதை முதலில் வந்ததா? பெயர்தான் முதலில் என்று நான் நினைக்கிறேன். காரணம் இருக்கிறது.

வத்தனுகி என்ற ஒலி அப்படியொன்றும் அபூர்வமில்லை. "பஞ்சு", "ஊடுருவு" என்ற இரண்டு எழுத்தில் நேராக எழுதும் வத்தனுகிகள் நிறையப் பேர். குன்மா மாநிலத்தின் தகாசாகி நகரத்தில் வத்தனுகி என்று ஓர் இடமே இருக்கிறது. அங்கே இருக்கும் கண்ணோன்யாமா என்ற பழங்காலப் புதைமேட்டில் கிடைத்த பொருட்கள் 2020-இல் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டன. ஜப்பானியக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். ஜப்பான் நாடாளுமன்றத்தின் கீழவையில் 2000 முதல் 2003 வரை சபாநாயகராக இருந்த தமிசுகே வத்தனுகி எழுதுவதும் இந்தப் பஞ்சு எழுத்துதான். "கடந்து போ" என்ற எழுத்தை முதலில் வைத்து எழுதும் வத்தனுகிகளும் உண்டு. ஒலி ஒன்று, உடுப்புகள் பல. அவற்றில் ஒன்றுதான் தேதி.

இந்த விளையாட்டுப் புத்தி பெயர்களோடு தொடங்கியதும் இல்லை. மன்யோஷூ என்ற எட்டாம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பில் 4,500-க்கு மேற்பட்ட பாடல்கள் உண்டு. அப்போது ஜப்பானுக்கென்று தனி எழுத்து உருவாகவில்லை. சீன எழுத்தை வைத்துத்தான் ஜப்பானிய மொழியை எழுதினார்கள். வேட்டை விலங்கைக் குறிக்கும் "ஷிஷி" என்ற சொல்லை எழுத வேண்டிய ஓரிடத்தில், எழுதியவர் வெறுமனே 16 என்று எழுதியிருக்கிறார். "ஷி" என்றால் நான்கு. நான்கு நான்கு பதினாறு! வாய்ப்பாடு தெரிந்தவன் படித்துக்கொள்ளட்டும் என்ற தைரியம். இதே கணக்கில், "குக்கு" என்ற ஒலிக்கு 81 என்று எழுதிய இடமும் உண்டு, ஏனென்றால் "கு" என்பது ஒன்பது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் இருந்த குறும்பு, வீட்டு வாசல் பலகைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

[திரையில்: மூன்று எழுத்துகள். சின்ன, பறவை, விளையாடு. கீழே காலியாக ஒரு வானம்.]

அதே குறும்பில் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் இது. எழுத்தில் இருப்பது: சின்னப் பறவைகள் விளையாடுகின்றன. கொஞ்சம் யோசியுங்கள். சின்னப் பறவைகள் எப்போது பயமில்லாமல் விளையாடும்?

வல்லூறு இல்லாதபோது. "தகா" என்றால் வல்லூறு, "நாஷி" என்றால் இல்லை. பெயர், தகானாஷி. எழுத்தில் வல்லூறும் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை. இல்லாததைச் சொல்ல, அது இல்லாதபோது நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இதிலும் சாதா வடிவம் வேறு: "உயரம்", "பேரி மரம்" என்ற இரண்டு எழுத்து. பேரிக்கும் "நாஷி"தான் ஒலி. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்ப்பிங்கில் வெண்கலம் வென்ற சாரா தகானாஷியின் பெயர் இந்தப் பேரிமர வகை.

இன்னொன்று, "நிலா பார்க்கும் ஊர்" என்ற எழுத்து. நிலா நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் நடுவில் மலை மறைக்கக் கூடாது. "யாமா" மலை, "நாஷி" இல்லை. யாமானாஷி. வேடிக்கை என்னவென்றால், யாமானாஷி என்ற பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது, எழுத்து மட்டும் வேறு. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ஃபூஜி மலையே அதன் தெற்கு எல்லையில்தான் நிற்கிறது.

தேதிப் பெயர்களுக்குத் திரும்பினால், ஏப்ரல் 1-க்கு ஒரு தம்பி உண்டு: எட்டாம் மாதம் முதல் நாள். படிப்பது "ஹோசுமி". "ஹோ" என்றால் நெற்கதிர். பழைய நாட்காட்டியில் அந்த நாளில் முதல் கதிரைப் பறித்துப் படைப்பதும், வேண்டியவர்களுக்குக் கொடுப்பதும் வழக்கம். ஹோசுமி என்ற ஒலியில் கதிரைப் பறிப்பதும் அடங்கும், கதிரைக் குவிப்பதும் அடங்கும். இங்கே ஒரு சுவாரசியம்: ஜப்பானில் எண்ணிக்கையில் இரண்டாம் இடத்தில் இருக்கும் சுசூகி என்ற பெயரும் இதே களத்து மேட்டிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கீ தீபகற்பத்துக் குமானோ பகுதியில் அறுத்த நெல்லைக் கம்பைச் சுற்றிக் குவிக்கும் போருக்குச் சுசூகி என்று பெயர். அந்தப் பகுதிச் சுசூகிகள் தங்களைப் பழைய ஹோசுமி குலத்தின் கிளை என்கிறார்கள். ஒரே வைக்கோற்போர். ஒரு கிளை பல லட்சம் பேராகப் பெருகியது, இன்னொரு கிளை தேதிக்குள் ஒளிந்துகொண்டது.

[திரையில்: மழை. ஒரு பழைய கிணறு. நீரில் மிதக்கும் வெளிர்மஞ்சள் பூக்கள்.]

கதையோடு வரும் பெயர்களும் உண்டு. "கஷ்கொட்டை", "பூ", "உதிர்" என்று மூன்று எழுத்து. படிப்பது "சுயூரி". கஷ்கொட்டைப் பூ உதிரும் ஜூன் மாதத்தில்தான் அங்கே மழைக்காலம் தொடங்கும். மழைக்காலம் "சுயு", நுழைவது "இரி". கோபே நகரத்தின் மலைப்பகுதியில் சொல்லும் கதை இது: ஃபுஜிவாரா குலத்து அமைச்சரின் மகள் ஷிராதாகி, சாதாரண நிலையில் இருந்த யாமாதா என்பவரைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தாள். சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். அவள் நினைவிடத்துக்குப் பக்கத்தில், வருடா வருடம் கஷ்கொட்டைப் பூ உதிரும் நேரத்துக்குச் சரியாக ஊற்றெடுத்ததாம். அந்தக் குடும்பம் அதையே பெயராக்கிக்கொண்டது. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கிணறு இன்னும் இருக்கிறது.

யாமானாஷி மாநிலத்து ஹாயகாவா ஊர்ப் பக்கம் போனால், "மருந்துப் பை" என்று எழுதி "மினாய்" என்று படிக்கும் பெயர். அங்கே ஆண்ட போர்த்தலைவர் தாகேதா ஷிங்கென் மருந்துப் பையைத் தொலைத்துவிட்டார், ஒரு கிராமத்தான் கண்டெடுத்து வந்து கொடுத்தான் என்கிறது கதை. தலைவருக்கு என்ன நோய் என்பது எதிரிக்குத் தெரிந்தால் ஆபத்து. அதனால் ஷிங்கென் கேட்டார்: "உள்ளே பார்த்தாயா?"

"பார்க்கவில்லை, பிரபு."

பார்க்கவில்லை என்பதுதான் "மினாய்". இதற்குப் போட்டியாக இன்னொரு விளக்கமும் உண்டு: நோய்நொடி இல்லாத ஊர், மருந்துப் பையையே பார்த்ததில்லை. இரண்டுமே, முன்பே இருந்த ஒலிக்குப் பிற்பாடு கட்டிய கதைகள் போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனாலும் முதல் கதையில் அந்த ஆளின் சாமர்த்தியம் பிடித்திருக்கிறது.

[திரையில்: மீன்பிடித் துறைமுகம். கடைப் பலகைகள்.]

இவ்வளவு தலையைச் சுற்றாத அபூர்வப் பெயர்களும் உண்டு. தொயாமா மாநிலத்து இமிசு நகரில் ஷின்மினாத்தோ என்ற துறைமுகப் பகுதி. அங்கே காடி, அரிசி, மிட்டாய், மீன், தூண்டில், குளியல் என்றெல்லாம் குடும்பப் பெயர்கள். செய்த தொழிலின் பெயரே நேராகக் குடும்பப் பெயராகிவிட்டது. விடுகதை எதுவும் இல்லை.

இதை வைத்துத்தான் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: ஜப்பானில் குடியானவர்களுக்குப் பெயரே இல்லை, அரசாங்கம் ஒருநாள் கட்டாயப்படுத்தியதும் கண்ணில் பட்டதையெல்லாம் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்று. பாதிதான் உண்மை. எடோ காலத்தில் குடும்பப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும் வாள் செருகிக்கொள்வதும் சாமுராய்களுக்கு உரிய தனிச்சலுகை. ஆனால் சாதாரண ஜனங்களில் பலருக்கும் ஊருக்குள் புழங்கும் பெயர் இருந்தது. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயர்கள் கிடைக்கின்றன. சர்க்கார் தாளில் மட்டும் எழுத முடியாது.

ஷோகுன் ஆட்சி போனபின் வந்த மெய்ஜி அரசு 1870-இல், யார் வேண்டுமானாலும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஜனங்கள் அவசரப்படவில்லை. திடீரென்று அரசாங்கம் தாராளமாகிறது என்றால் பின்னால் வரி வரும் என்ற சந்தேகம். 1873-இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. ஆள் பிடிக்க வேண்டுமென்றால் ஆளை அடையாளம் காண வேண்டும், பெயரில்லாமல் எப்படி? ராணுவ அமைச்சகம் நெருக்க, 1875 பிப்ரவரி 13-ஆம் தேதி "வைத்துக்கொள்ளலாம்" என்பது "வைத்தே ஆக வேண்டும்" என்றானது. பாட்டன் காலத்துக் குடும்பப் பெயர் தெரியாதவர்கள் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றது ஆணை. அப்படிப் புதிதாகப் பிறந்தவையும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் செய்தது, ஏற்கெனவே வாயில் இருந்த பெயரை எழுத்தில் கொடுத்ததுதான்.

[திரையில்: சாத்தோ என்ற பெயர் திரை முழுக்கப் பரவுகிறது. ஓரத்தில் ஒரே ஒரு வத்தனுகி.]

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ஜப்பானில் முதலிடம் சாத்தோ. மக்கள்தொகையில் சுமார் 1.5 சதவீதம், அதாவது 18 லட்சம் பேர் அளவில். முதலிடமே இவ்வளவுதானா என்று தோன்றும். பக்கத்தில் கொரியாவில் ஐந்து பேரில் ஒருவர் கிம். அங்கே மொத்தமே சில ஆயிரம் குடும்பப் பெயர்கள். ஜப்பானில் எண்ணும் முறையைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை சொல்வார்கள். ஒரே ஒலியை வேறு எழுத்தில் எழுதினால் அதை ஒரு பெயராக எண்ணுவதா, இரண்டாகவா? வத்தனுகியையே எடுத்துக்கொள்ளுங்கள், சிக்கல் புரியும்.

பட்டியல்களை அப்படியே நம்பவும் முடியாது. அபூர்வப் பெயர் அகராதிகளில், எண் 1-ஐ எழுதி "நினோமாயே", அதாவது இரண்டுக்கு முன்னால், என்று படிக்கும் பெயர் வரும். எண் 9-ஐ எழுதி "இச்சி ஜி கு", ஒரே எழுத்தில் ஒன்பது, என்று படிக்கும் பெயரும் வரும். இச்சிஜிகு என்றால் அத்திப்பழம் என்றும் அர்த்தம். ரசிக்கத்தக்கவைதான். ஆனால் இந்த மாதிரிப் பட்டியல்களில் ஆளே இல்லாத பெயர்களும் கலந்திருக்கும். "பேய்ப் பெயர்கள்" என்று ஜப்பானில் அவற்றுக்கு ஒரு செல்லப்பெயரே உண்டு. யாரோ வைத்த புனைபெயர், அச்சுப்பிழை, யாரோ செய்த கிண்டல், இவையெல்லாம் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குப் பிரதி ஆகிப் பெயராகிவிடும். இது போதாதென்று மாங்கா என்ற படக்கதைகளும் அனிமே என்ற கார்ட்டூன் படங்களும். ஏப்ரல் 1 வத்தனுகி, பறவை விளையாடும் தகானாஷி என்று பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பது அங்கே பிரியமான பழக்கம். அந்தப் பெயரை உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரசிகர்களுக்குத் தெரியும், அந்தப் பெயருள்ள மனிதர் ஒருவரையாவது சந்தித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அபூர்வப் பெயர் அழிவதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜப்பான் சிவில் சட்டத்தின் 750-ஆவது பிரிவுப்படி, கல்யாணமான தம்பதி ஒரே குடும்பப் பெயரில்தான் இருக்க வேண்டும். யார் பெயரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாலும், நூற்றுக்கு 95 தம்பதிகள் அளவில் கணவன் பெயரைத்தான் எடுக்கிறார்கள். இதை எதிர்த்த வழக்குகளில் 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொன்னது. ஆக, நான்கே வீடு உள்ள ஒரு பெயரில் நான்கிலும் பெண் குழந்தைகள் என்றால், ஒரே தலைமுறையில் முடிந்தது. 2024-இல் ஜப்பானில் பிறந்தவை சுமார் 6,86,000 குழந்தைகள்தான். இதே போக்கில் போனால் 2531-இல் நாட்டில் எல்லோரும் சாத்தோ ஆகிவிடுவார்கள் என்று தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அது ஜோசியம் இல்லை, சட்டத்தை மாற்றுவது பற்றிய விவாதத்துக்காகப் போட்ட கணக்கு. ஆனாலும் வகுப்பில் வாத்தியார் "சாத்தோ" என்று கூப்பிட்டால் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

[திரையில்: அஞ்சலட்டை ஒன்று. மேலே எழுத்துகள், கீழே சின்னக் கட்டங்கள்.]

கடைசியாக ஒரு விஷயம். நான் இந்தப் பெயர்களைத் தேடிப் போனபோது, என்னை நிறுத்தி வைத்தது இதுதான்.

ஜப்பானில் ஒரு மனிதருக்குச் சட்டப்படி ஆதாரம், குடும்பப் பதிவேடு. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியாக அதைத் தொகுத்தது 1872-இல். அதில் பெயரின் எழுத்து இருக்கும், படிக்கும் விதம் இருக்காது. குடியிருப்புப் பதிவில் அலுவலக வசதிக்காக உச்சரிப்பைக் குறித்து வைப்பார்கள், பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் வங்கிப் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். ஆனால் மூல ஆவணத்தில் கிடையாது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல், அந்தக் குடும்பம் வத்தனுகி என்பதற்கு அந்தப் பதிவேட்டில் சாட்சி இல்லை. அதில் இருந்தது ஒரு தேதி மட்டும். மீதியை அப்பா பிள்ளைக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

2025 மே 26-ஆம் தேதி திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி பதிவேட்டிலும் உச்சரிப்பு ஏறும். உங்கள் பெயரை இப்படிப் படிப்பதாக எழுதப் போகிறோம், தப்பு என்றால் ஒரு வருடத்துக்குள் சொல்லுங்கள் என்று உள்ளாட்சி அலுவலகங்கள் வீடு வீடாகத் தபால் அனுப்பின. சாத்தோ வீட்டில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்திருப்பார்கள். ஏப்ரல் 1 வீட்டில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்திருப்பார்கள். வ, த, நு, கி. ஜப்பானிய ஒலியெழுத்தில் அதுவும் நான்கே எழுத்து.

[திரையில்: தேதியின் நான்கு எழுத்துகள். பக்கத்தில் ஒலியின் நான்கு எழுத்துகள். திரை இருளுகிறது.]